சணல் கயிறு கட்டிய கைப்பிடி

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தொலித் தூசு மூக்கில் ஏறினால் தொண்டைவரை கரகரக்கும். மிஷினில் சூடேறிய தோல் பட்டையின் வாடையும் அதோடு சேர்ந்துகொள்ள, அப்பாவுக்கும் சித்திக்கும் கூழ் கொண்டுபோகும் நான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தக் கொட்டகைக்குள் நுழைவேன். ஜவ்வாது மலையடிவாரத்தில், கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அந்தச் சமயத்தில் "கரண்டு" வந்திருந்த ஒரே இடம் அதுதான். அப்பா சவரிமுத்து அங்கே மல்லாட்டை உடைக்கிற மிஷினை ஓட்டினார். அம்மாவின் தங்கை ரோசம்மா சித்தி மற்றப் பெண்களோடு பருப்பு புடைத்தாள். அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதன் கைப்பிடியை மேலே ஏற்றினால் மிஷின் ஓடும். கரண்டு போனால் கைப்பிடி "டக்"கென்று தானாகக் கீழே விழுந்துவிடும். கரண்டு திரும்பி வந்தாலும் ஓர் ஆள் வந்து ஏற்றாமல் மிஷின் அசையாது. மலையிலிருந்து காற்று இறங்கும் மாதங்களில் கரண்டு ஒரு நாளைக்குப் பத்து முறை போகும், வரும். ஒவ்வொரு முறையும் மிஷின் நிற்பது முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஒவ்வொரு தபாவும் நீ வந்து ஏத்தற வரிக்கும் மிஷினு சும்மா நிக்கணுமா? அத்த இழுத்துக் கட்டுய்யா."

"பொம்பளைங்க கை வுட்டிருக்கறப்போ கரண்டு வந்துட்டா இன்னா பண்றதுங்க?"

"அத்தப் பாத்துக்கத்தான நீ இருக்கற?"

அப்பா சணல் கயிற்றால் கைப்பிடியை மேலேயே இழுத்துக் கட்டினார்.

ஒரு மத்தியானம் நான் கூழோடு போனபோது மிஷின் நின்றிருந்தது. அப்பா பீடி குடிக்க வெளியே போயிருந்தார். சல்லடையில் தொலி அடைத்துக்கொண்டிருக்க, அதை வாரி எடுக்கச் சித்தி வலது கையை உள்ளே விட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கயே வை, தோ வர்றேன்" என்றாள். அப்போது கரண்டு வந்தது. கயிறு கட்டிய கைப்பிடி விழாமல் அப்படியே இருந்ததால் மிஷின் தானாகவே ஓடியது. அவள் போட்ட சத்தத்தை எழுத என்னால் ஆகாது.

சித்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கொட்டகையில் கூட்டம் குறைந்ததும் முதலாளி அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்பா கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்து மடியில் செருகிக்கொண்டார். நிமிர்ந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

சித்திக்கு முழங்கைக்குக் கீழே கை போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரி கைப்பிடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். அது ஒழுங்காகவே விழுந்தது. "மிஷினு ஓடறப்பவே கைய வுட்டுட்டாங்க" என்றார் அப்பா. ஆஸ்பத்திரியில் சித்தியும், "ஆமாங்க, என் தப்புதான்" என்றாளாம். அப்பாவின் வேலை போனால் எங்கள் வீட்டில் ஆறு பேருக்கும் கஞ்சி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள்.

அந்த அதிகாரி என்னையும் கேட்டார்: "பாப்பா, நீ அங்க இருந்தியா?"

"இல்லீங்க" என்றேன்.

சித்தி எங்கள் வீட்டிலேயே முப்பது வருஷம் இருந்து செத்தாள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அப்பா அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவளும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அவளுக்குத் தினமும் தலை பின்னிவிட்டது நான்தான். அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை காலையிலும் நானும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கொட்டகையை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது பைக் பழுது பார்க்கிறார்கள். முதலாளி இல்லை, அப்பா இல்லை, கூட வேலை செய்த பெண்களில் ஒருத்திகூட இல்லை. "யாரைப் பாக்கணும்மா?" என்று கடைக்காரப் பிள்ளை கேட்டான். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.