பப்பாளிக்கு வந்தவர்

எவர்சில்வர் தட்டில் ஒரு கைப்பிடிச் சோறு, பக்கத்திலேயே தோல் சீவிய பப்பாளித் துண்டு. ஜாலான் புசார் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நான்காம் மாடியில், பொதுத் தாழ்வாரச் சுவரின்மேல் பக்கத்து வீட்டு அக்கா அதைக் காலைதோறும் வைப்பார். கணவர் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று மின்தூக்கியிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். "பறவைக்கா போடறேன்? எங்க வீட்டுக்காரருக்குப் போடறேன். ஃபைன் போட்டா அவரு பேர்ல போடச் சொல்லுலா" என்பார் அக்கா. சிரிப்பேன். ஆனால் அந்தச் சோற்றை எடுக்க ஒரு காக்கைகூட வந்ததில்லை.

நான் அண்ணன் என்று கூப்பிட்டுவந்த அவருக்குச் சர்க்கரை நோய். கடைசி நாள் காலையில் பப்பாளி கேட்டிருக்கிறார், அக்கா தர மறுத்துவிட்டார். கோபித்துக்கொண்டு எதையும் தொடாமல் வேலைக்குக் கிளம்பியவர் உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து அக்கா காலையில் சாப்பிடுவதே கிடையாது. "அவரு ஒரு வாய் எடுக்கட்டும் தம்பி. கோவம் ஆறிடுச்சுன்னு நானும் சாப்பிடுவேன்."

நம் ஊரில் வசந்தம் பிறப்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாசி வந்தால், விடியுமுன்னே கீழே மழைமரத்திலிருந்து குயில் கூவத் தொடங்கும். பாட்டுகளில் புகழ்கிறார்களே, அந்த இனிமையெல்லாம் அந்த இருட்டில் கேட்காது. ஒவ்வொரு கூவலும் முன்னதைவிட ஒரு படி மேலேறி, உச்சியில் சட்டென்று அறுந்துபோகும். யாரையோ கூப்பிட்டு, பதில் வராமல் மறுபடி கூப்பிடுவதுபோல இருக்கும்.

அப்படியொரு காலையில் அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, வந்துட்டாரு. சோத்தத் தொடல, பப்பாளிய மட்டும் எடுத்தாரு. ஆனா கண்ணு ரெண்டும் ரத்தமா சிவந்திருக்கு. இன்னும் கோவம் போகல."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆண் குயில் காக்கையைப் போலவே கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பழத்துக்குத்தான் வரும். இதெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் நின்று பார்த்துப் பார்த்தே நான் தெரிந்துகொண்டவை. அக்காவின் பயம் தீரட்டுமென்று சொன்னேன்: "அது காக்கா இல்லக்கா, குயிலு. அதுக்குக் கண்ணே அப்படித்தான். அண்ணனுக்கு ஒரு கோவமும் இல்ல."

அக்கா சுவர்மேல் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவரு வரவே இல்லையா? கோவமாவாச்சும் வந்தாருன்னு இருந்தேனே, தம்பி."

மறுநாளும் தட்டு வைத்தார். நான் என் வாசலில் நின்றேன். கறுப்பாக ஒன்று பறந்து வந்து சுவரில் உட்கார்ந்தது. குயிலுக்குக் கூச்சம் அதிகம். மனித நிழல் பட்டாலே இலைக்குள் மறைந்துவிடும். இதுவோ, கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு அக்கா போயும் நகரவில்லை.

"அன்னிக்கே குடுத்திருக்கணும். கோவம் இருந்தா இருக்கட்டும். சாப்பிடுங்க."

அக்கா சொல்லி முடிக்கும்வரை அந்தச் சிவந்த கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முடித்த பிறகுதான் தலையைக் குனிந்து பழத்தைக் கொத்தியது. நான் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தனக்கு இரண்டு தோசை வார்த்துக்கொண்டார்.

இப்போது அக்கா மகள் வீட்டோடு வேறு பேட்டைக்குப் போய்விட்டார். மாசி வந்தால் மறக்காமல் போன் செய்வார். "வந்தாரா தம்பி?" என்பார்.

அது குயில்தான், எனக்குத் தெரியும். "வந்தாருக்கா" என்கிறேன். ஆனால் ஒரு துண்டு பப்பாளியை அந்தச் சுவரில் வைத்துப் பார்க்க மட்டும் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.