கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவளுக்குச் சாவுச் செய்தி புதிதல்ல. இருபது வருஷமாகச் சூலூருக்கே அதைக் கொண்டுசேர்த்த கை இது. சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் போத்தனூரிலிருந்து வந்த அழைப்பு எனக்கே வந்தது. "அம்மணி, அவர் போயிட்டாருங்க" என்றார் சாவித்திரி அக்கா. சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்த அவருடைய கணவர், காபிக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லையாம்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இப்படிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இரண்டு தடவை நெஞ்சுவலி கண்டவர் அவர். சாவுக்கு அவர் பயந்ததே இல்லை, படுக்கைக்குத்தான் பயந்தார். அடுத்தவர் கையால் தண்ணீர் குடிக்கிற நிலை மட்டும் வரக்கூடாது என்று பொங்கலுக்குப் பார்த்தபோதுகூடச் சொன்னார். அவர் ஆசைப்பட்டபடியே நடந்தது. அந்த நிம்மதியோடுதான் இதை எழுதுகிறேன்.

திருமூர்த்தி அவர்கள் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர். அவிநாசிக்காரர். அவருடைய தகப்பனார் கோவையில் ஒரு மில் முதலாளி பங்களாவில் டிரைவராக இருந்தார். அந்தக் காலத்து முதலாளிகள் ஆளுக்கொரு அமெரிக்கக் கார் வைத்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் அவை மொத்தமாகப் 'படகு கார்'. நீளமாக இருக்கும், பின்னால் றெக்கை இருக்கும், முன்னால் பல் இளித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் தெரியும். இவருக்கோ ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். இரண்டு கதவும் குட்டை முதுகுமாக இருந்தால் கூபே. கூரை கடைசிவரை ஓடி, பின்னால் ஒரு கதவு இருந்தால் ஸ்டேஷன் வேகன். துணிக்கூரையை மடக்க முடிந்தால் கன்வெர்ட்டிபிள். இதெல்லாம் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்பார். எனக்குத் தெரியாது.

சிக்கலெல்லாம் செடானுக்கும் ஹார்ட்டாப்புக்கும் நடுவில்தான். இரண்டுக்கும் நாலு கதவு இருக்கலாம், இரண்டுக்கும் இரும்புக்கூரை. செடானில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே கூரைவரைக்கும் ஒரு தூண் நிற்கும். ஹார்ட்டாப்பில் அந்தத் தூண் இல்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. இந்த ஒரு தூண்தான் தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் எங்கள் குடும்பத்தின் மேல் விழப் பார்த்தது.

என் தம்பி சண்முகம் அப்போது ஒரு பழைய படகு காரை வாங்கிக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். பால்வெள்ளையும் நீலமுமாக ஒரு வண்டி. அப்பா அம்மா இல்லாத வீட்டில் நான் வளர்த்த தம்பி அவன். அவனுக்கே கல்யாணம் நிச்சயமாகி, பத்து நாள்தான் பாக்கி. ஆடிக் கடைசியில் சாரல் அடித்த ஒரு காலையில் அவிநாசி ரோட்டில் போலீஸ் அவனை நிறுத்தியது. அதே நிறத்தில் ஒரு அமெரிக்கக் கார் பாலக்காட்டுப் பக்கம் திருட்டுப் போயிருந்ததாம். ஆர்.சி. புத்தகத்தில் 'நாலு கதவு ஹார்ட்டாப்' என்று இருந்தது. சேசிஸ் நம்பரோ துருவேறி ஓரெழுத்துக்கூடத் தெரியவில்லை. வண்டியைப் பார்த்துச் சொல்லப் பிரேக் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார்கள்.

திருமூர்த்தி அவர்கள் குடையோடு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். நடுவில் தூண் நின்றது. "இது செடான், ஆர்.சி.யில் உள்ள வண்டி அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரியால் என் தம்பி திருடன் ஆனான்.

சாயங்காலத்துக்குள் செய்தி பெருந்துறைக்குப் போய்விட்டது. பெண்ணின் தகப்பனார் எக்ஸ்சேஞ்சுக்கே கூப்பிட்டார். நல்ல மனிதர், கத்தவில்லை. மாப்பிள்ளை ஸ்டேஷனில் இருப்பதாகச் சொல்கிறார்களே, நாளை மத்தியானத்துக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். சண்முகம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான். "அஞ்சு நிமிசங்கூடப் பாக்கலக்கா. கண்ணாடிய எறக்குன்னுகூட அவர் சொல்லல." கார் சங்கதி அவனுக்கும் அரைகுறைதான். கண்ணாடியை இறக்கினால் என்ன தெரியும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு மனுஷன் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டானே என்கிற ஆத்திரம் மட்டும் எனக்கு இருந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விசாரித்துக்கொண்டு நேரே போத்தனூருக்குப் போய்விட்டேன். அவர் வீட்டு வாசலில் நின்று கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். அவர் பனியனோடு நின்று, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கடைசியாக, "ஏனுங்க, மழைக்குப் பயந்து கண்ணாடியக்கூட எறக்காமத்தான் ஒரு பையனத் திருடன்னு எழுதுவீங்களா?" என்றேன்.

அதுவரை பொறுமையாக நின்றவரின் முகம் அப்போது மாறியது. "எறக்கலைங்க" என்றார். சாவித்திரி அக்கா கொண்டுவந்த காபியை நான் தொடாமல் வந்துவிட்டேன். அன்றிரவு அவரும் சாப்பிடவில்லை என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் தம்பிக்கு இட்லி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கு முன்னால், முதல் டவுன் பஸ்ஸிலேயே அவர் சீருடையில் வந்து நின்றுகொண்டிருந்தார். சண்முகத்தை வெளியே அழைத்துவரச் செய்து, வாசலில் நின்ற காரின் நாலு கண்ணாடியையும் இறக்கச் சொன்னார். தம்பி ஒவ்வொன்றாகச் சுழற்றி இறக்கினான். செடானாக இருந்தால் கண்ணாடி இறங்கிய பிறகும் அதைச் சுற்றியிருக்கும் சட்டம் கதவின் மேல் நிற்க வேண்டும். இந்தக் கதவுகளில் ஒன்றுமே நிற்கவில்லை. சட்டம் என்று அவர் நினைத்தது கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருந்த நிக்கல் பட்டை, கண்ணாடியோடேயே உள்ளே போய்விட்டது. நாலு கதவும் இடுப்பளவு மொட்டையாக நின்றன. நடுத்தூண் மட்டும் யாருக்கும் சம்பந்தமில்லாத விருந்தாளி மாதிரி தனியாக நின்றது. அவர் அதன் தலைமாட்டில் விரலை ஓட்டி, சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினார். அடியில் வெல்டிங் தெரிந்தது. முன்பு வைத்திருந்த யாரோ, கதவு கடகடவென்று ஆடுகிறதே என்று ஒரு பட்டறையில் தூண் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆடுகிற எதற்கும் ஒரு முட்டுக் கொடுத்துவிடுவோம் அல்லவா!

சப்-இன்ஸ்பெக்டர் நேற்றைய தாளை எடுத்துக் காட்டினார். இதை எழுதியதும் நீங்கள்தானே என்றார். கொஞ்சம் சிரிப்பும் இருந்தது அந்தக் கேள்வியில்.

"நாந்தானுங்க. தப்பா எழுதிப்போட்டேன்" என்றார் திருமூர்த்தி. பழைய தாளைக் கிழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்குக் கீழேயே தன் பிழை இன்னதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு டீக்கடைக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, என் தம்பிக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். "தம்பி, வண்டி உங்களுதுதான். தப்பு என்னுதுங்க."

சண்முகம் குழந்தை மாதிரி அழுதான். நான் இட்லித் தூக்கை வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பெரிய நிம்மதியை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை. அதோடு அவர் நின்றாரா, இல்லை. பெருந்துறைக்கு நம்பர் போடச் சொல்லி, பெண்ணின் தகப்பனாரிடம் தானே பேசினார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சாவித்திரி அக்காவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்.

அந்தத் திருத்தத்துக்காக அவருக்கு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அவர் சொல்லி எங்களுக்குத் தெரியாது, அக்கா சொல்லித்தான் தெரியும். அதன்பிறகு எந்த வண்டி முன்னால் வந்து நின்றாலும், அது சாதாரண வாடகைக் காராக இருந்தாலும், முதலில் கண்ணாடியை இறக்கச் சொல்வார். டிரைவர்கள் முதுகுக்குப் பின்னால் 'கண்ணாடி இன்ஸ்பெக்டர்' என்று பேர் வைத்தார்கள். அவருக்குத் தெரியும். "நல்ல பேர்தானுங்க" என்பார்.

அன்று தொடாத காபியைக் கணக்குத் தீரும்வரை அந்த வீட்டில் பிறகு குடித்திருக்கிறேன். ரேஸ் கோர்ஸ் பக்கம் ஏதாவது பழைய கார் கடந்தால் எனக்குப் பரீட்சை வைப்பார். நான் வேண்டுமென்றே எல்லாவற்றையும் செடான் என்பேன். உடம்பு குலுங்கச் சிரிப்பார்.

ஆனால் ஒன்று அவரை விடவே இல்லை. இந்தப் பொங்கலன்று சண்முகம் குழந்தைகளோடு வெளியே நின்றபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார், தம்பி அந்த ஒரு ராத்திரியை மறந்துவிட்டாரா என்று. எப்போதோ மறந்துவிட்டான் என்று நான் அடித்துச் சொன்னேன். தம்பியை நான் கேட்டதே இல்லை. வயதானவர் மனசு ஆறட்டும் என்று சொன்ன பொய்தான்.

புதன்கிழமை காலையில் எடுத்தார்கள். கூடம் நிறைய ஆட்கள், டிரைவர்கள்தான் அதிகம். எடுப்பதற்கு முன்னால் சண்முகம் அவர் தலைமாட்டில் மண்டிபோட்டு உட்கார்ந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். உயிரோடிருக்கிறவரிடம் பேசுவது போலக் காதருகில் குனிந்து சொன்னான்.

"சார், அந்த ராத்திரிய நான் மறக்கலைங்க. அத மறந்தா, அடுத்த நாள் காத்தால நீங்க வந்து நின்னதும் மறந்து போயிருமுங்க. அது எனக்கு வேணுமுங்க."

எழுந்து போய், பங்காளிகளோடு பங்காளியாகப் பாடையின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான். யாரும் அவனை நீ யார் என்று கேட்கவில்லை. நான் வாசல்வரை போய்க் கும்பிட்டு நின்றேன்.

போய் வாருங்கள் சார். நான் சொன்ன பொய்யை என் தம்பி திருத்திவிட்டான், உங்களைப் போலவே.