மாங்காய் நின்ற சுவர்

எழுபதுகளில், நாங்கள் குடியேறிய ஸ்ட்ராத்ஃபீல்டில், விக்டோரியா மகாராணி காலத்து வீடொன்றை வாங்கினோம். முன்னறைக்கு வோல்பேப்பர் ஒட்ட வந்தவருக்குச் சிவந்த காதுகள், பெரிய கைகள். ஒவ்வொரு தாளையும் ஒட்டி முடித்ததும் அதன்மேல் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். உள்ளே காற்று நின்றால் கன்னத்துக்குத்தான் தெரியுமாம்.

பழைய தாள்களை அவர் உரித்தபோது, ஆக அடியில் இருந்த தாளில் மாங்காய் வடிவங்கள் தெரிந்தன. அதே மாதிரியில் புதுத் தாள் வாங்கிக் கொடுத்தேன். மூன்று சுவர்கள் முடிந்திருந்தன. தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, மாங்காயெல்லாம் தலைகீழாக் கிடக்கு!"

நான் அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். காதுகள் இன்னும் சிவந்தன.

"இது மாங்காய் இல்லை, காம்பு கீழே இருக்க நிற்கும் இலை. பழைய தாளும் இப்படித்தான் இருந்தது," என்றார்.

மனைவி தன் கூறைச்சேலையை எடுத்துவந்து கரையை விரித்தாள். மாங்காய்கள் எல்லாம் கூர்நுனி மேலே பார்க்க நின்றன.

"எங்கட பக்கத்துச் சீலையில இருந்துதான் இது இவையின்ர சுவருக்குப் போனது எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு சேலையை நெடுநேரம் பார்த்தார், தொடவில்லை. பிறகு நாலாவது சுவருக்கான தாளை மேல்கீழாகத் திருப்பிப் பிடித்து ஒட்டினார். கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

மற்ற மூன்றையும் உரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒப்புக்கொண்டாரா, விட்டுக்கொடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருவரும் வித்தியாசத்தைக் கவனித்ததில்லை.

மனைவி உட்காரும் கதிரை மட்டும் அன்றிலிருந்து அந்த நாலாவது சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறது.