பன்னிரண்டாவது செடி

ஆமத்தூர் விலக்கில் யாரைக் கேட்டாலும் தங்கப்பாண்டியன் தோட்டத்துக்கு வழி சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் இருபத்திரண்டு வருசம் நின்றவர். இன்றைக்கு அவர் வேலிக்குள் மடகாஸ்கர் பொந்தன்புளி மரம் நிற்கிறது, ஆப்பிரிக்காவின் கூழாங்கல் செடி கல்லைப் போலவே கிடக்கிறது, அரபு நாட்டுப் பாலைவன ரோசா பூக்கிறது. எந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எந்தச் செடிக்கு எம்புட்டுத் தண்ணி என்று தெரியும். அது போதாதா என்பார்.

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் சுகிர்தா ஒருநாள் தேடி வந்தாள்.

"மாசத்துக்கு ஒரு வெளிநாட்டுச் செடி போடப் போறோம். பன்னிரண்டும் உங்ககிட்ட இருக்குமா அய்யா?"

"பன்னிரண்டு என்ன தாயி, நூத்தி இருபது கேளுங்க."

எல்லாப் பக்கத்திலும் அடியில் அவர் பெயர் வரும் என்று பேச்சு. ஒன்று குறைந்தாலும் அதைக் காரியாபட்டி நர்சரிக்காரரிடம் எடுப்பாள். அந்த ஆள் பெயரும் கூடச் சேர்ந்துவிடும். அதுதான் தங்கப்பாண்டியனுக்கு ஆகாது.

பதினொன்றைப் படம் எடுத்தாயிற்று. டிசம்பருக்குக் குடுவைச் செடி பாக்கி. போர்னியோ காட்டுச் செடி. இலை நுனியில் மூடி போட்ட குடுவை தொங்கும். எறும்பும் ஈயும் அதற்குள் வழுக்கி விழ, செடி அவற்றைத் தின்னும். கேரளத்திலிருந்து வாங்கி வந்தபோது ஐந்து குடுவை இருந்தது. ஒவ்வொன்றாகக் காய்ந்து போனது. சத்து பத்தவில்லை என்று முடிவு கட்டி, பட்டாசு ஆலைக்கு வெடியுப்பு வந்த காலிச் சாக்குகளை அலசிய தண்ணீரை ஊற்றினார். வெடியுப்பு பயிருக்கும் உரம்தான். மருந்தறையில் நின்றவருக்குத் தெரியாததா? இலை முழ நீளத்துக்குக் கருகருவென்று ஓடியது. குடுவை மட்டும் ஒன்றுகூட வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

சுகிர்தா வருகிற அன்று காலையில் அவர் மனைவி பாண்டிமீனா வந்து பார்த்தாள்.

"பேசாம காரியாபட்டிக்காரர்ட்ட நாலு குடுவை வாங்கிட்டு வந்து நூல்ல கட்டி விடுங்க."

"நான் கட்டி விட்டுப் பேர் வாங்குற ஆளா?"

"அப்ப வெறும் இலையைத்தான் காட்டப் போறீகளா?"

அதற்குள் வேலிக்கு வெளியே சுகிர்தாவின் வண்டி வந்து நின்றது.

சுகிர்தா கேமராவை இறக்கிவிட்டு இலைகளைப் புரட்டினாள்.

"உரம் போட்டீங்களா அய்யா?"

"நல்லாவே போட்டேன். வெடியுப்பு."

"இது ஒண்ணுமில்லாத மண்ணுல வளர்ற செடி. பசிக்குத்தான் குடுவை வைக்கும். நீங்க வயிறு நிறையப் போட்டுட்டீங்க. இனி எதுக்கு ஈ பிடிக்கப் போகுது?"

தங்கப்பாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் தோட்டத்தில் நின்றுகொண்டு அவருக்கே பாடம் சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை.

"ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசத்து மாதிரிக் காலண்டர் வெளிவரணும். நான் காரியாபட்டிக்கே போயிட்டு வந்துடுறேன்" என்று அவள் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். சாக்கு அலசின தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஓரம் முழுக்கத் தாத்தாப்பூ. மஞ்சள் பொட்டும் வெள்ளை இதழுமாக, பாய் விரித்தது போல. ரோட்டோரத்தில் மெலிந்து கிடக்கிற பூ இங்கன முழங்கால் உயரம் நின்றது.

"இதை எடுத்துக்கிடவா?"

"அது களை, தாயி. நாளைக்குப் பிடுங்கப் போறேன்."

"இதுவும் மெக்சிகோ பக்கத்துலருந்து வந்ததுதான். உங்களுக்குத் தெரியாதா?"

பாண்டிமீனா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தங்கப்பாண்டியன் வாய்க்காலைப் பார்த்தார், காரியாபட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உலகத்துச் செடியெல்லாம் வளர்த்தவர் பெயருக்குக் கீழே ஒரு களை. இல்லையென்றால் பக்கத்தில் இன்னொருத்தன் பெயர்.

"எடுங்க" என்றார். "ஆனா, தானா முளைச்சதுன்னு போட்டுறாதீங்க."

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் மாதிரிக் காலண்டர் வந்தது. அடியில் ஒரே பெயர். அவர் அதை வீட்டு வாசலில் டிசம்பர் பக்கத்தைத் திருப்பி மாட்டினார்.

"ஏங்க, ஆவணிகூடப் பிறக்கலையே" என்றாள் பாண்டிமீனா.

"மத்த பதினொண்ணும் காசு குடுத்து வாங்கியாந்தது. இது ஒண்ணுதான் என் கையால தண்ணி விட்டு வந்தது" என்றார் தங்கப்பாண்டியன். சொல்லிவிட்டு ஆணியை இன்னொரு தட்டு தட்டினார்.