ஓடைக்கரைப் புல்லும் முள்ளுத்தோல் புழுவும்

மூன்று வருடங்களுக்கு முன், விடாமல் மழை பெய்த காலத்தில், மஸ்கெலியா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் நடந்தது இது.

அப்போது எங்களிடம் இரண்டு மாடுகள். ஒரு தாய்ப்பசு, முதல் சினையாக இருந்த அதன் கிடாரி. கொழுந்து பறித்து முடிந்ததும் புல் அறுப்பது என் வேலை. தேயிலை மலையில் களைக்கு மருந்தடிப்பார்கள். அந்தப் பயத்தில் தூரம் நடந்து, ஓடைக்கரை ஈரத்தில் தளதளவென்று நிற்கும் புல்லைத்தான் அறுத்து வருவேன். "எம் மாடு நஞ்சு திங்காதுங்க" என்று லயத்தில் பெருமை வேறு!

தாய்ப்பசு மெலிந்துகொண்டே போனது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. கண்ணூறு என்றார்கள், கழித்தோம். ஒரு காலையில் அது எழவேயில்லை. கிடாரியும் மெலியத் தொடங்கியிருந்தது. "இதுவும் சாகறதுக்குள்ள இறைச்சிக்காரனுக்குக் குடுத்துருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். ஓடிப்போய் மிருக வைத்தியரை அழைத்து வந்தேன்.

அவர் சிங்களப் பெண்மணி, எங்களோடு தமிழிலேயே பேசுவார். செத்த பசுவின் ஈரலை அறுத்தார். உள்ளே இலை இலையாகத் தட்டைப் புழுக்கள். சிலவற்றைப் போத்தலில் போட்டுக்கொண்டு, மறுநாள் என்னைத் தான் வேலை செய்யும் மிருக வைத்தியக் கந்தோருக்கு வரச்சொன்னார்.

கையில் எடுத்தால் வழவழவென்று இருந்த புழு, உருப்பெருக்கிக்குள் வேறாக இருந்தது. அடக் கடவுளே, தோல் முழுக்க முள்! வரிசை வரிசையாக, எல்லாம் பின்பக்கம் சாய்ந்து. உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள வட்ட வட்டமாக இரண்டு இடம்.

"பித்தம் ஓடினாலும் இது வழுக்கிப் போகாது. முள்ளால பிடிச்சுக்கும். ஈரலைக் கீறிக் கீறிப் புண்ணாக்கும்" என்றார்.

"உள்ள எப்பிடிங்க மிஸ் போச்சு?"

"ஓடையில சின்ன நத்தை இருக்குதானே? இதோட குஞ்சு அதுக்குள்ள வளந்து, வெளிய வந்து ஈரப் புல்லுல ஒட்டிக்கும். நீங்க எங்க புல் அறுக்கிறீங்க?"

உருப்பெருக்கி இருந்த மேசையிலேயே கவிழ்ந்து அழுதுவிட்டேன். அவர் என் தோளில் கைவைத்து, "தெரிஞ்சா செஞ்சிருப்பீங்களா?" என்றார்.

அவர் தந்த மருந்தில் கிடாரி பிழைத்தது, கன்றும் போட்டது. இப்போது லயத்துக்குப் பின்னால் மேட்டில் நாங்களே புல் நட்டு அறுக்கிறோம்.

பாசம் மட்டும் போதாது, விசாரிக்கவும் வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். ஆனால் கடைசி நாட்களில் தீனியே பிடிக்காமல் கிடந்த அந்தப் பசு, நான் நீட்டினேன் என்பதற்காகவே அந்தப் புல்லை மென்றதை நினைத்தால் இன்றைக்கும் புல் அறுப்பதைப் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.