வெள்ளிக்கிழமை திரிய வைத்த பால்

சண்முகவடிவு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியாது, திரியாது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் அதுதான். வீட்டுச் சமையலோடு தங்கள் ஜவுளிக்கடை ஆட்கள் பன்னிரண்டு பேருக்கும் சாப்பாடு அவள் அடுப்பிலிருந்துதான் போகிறது. வாய் யாரையாவது வைதுகொண்டே இருக்கும். கண் பால் பாத்திரத்தை விட்டு நகராது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை திரிந்தது. அன்று மத்தியானம் மாமனார் கடைப் படியில் சரிந்தார்.

இப்போது மருமகள் மதுமதிக்கு மூன்றாம் மாதம். ஐந்து நாளாகக் கஞ்சி, இளநீர், ரசம் எல்லாமே உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தன. இன்றும் எதுவும் தங்கவில்லை என்றால் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மதுமதி படுத்தபடியே கூப்பிட்டாள்.

"அத்தை, அடையாறுல ஒரு கடையில பழத்தோட சீஸ் போட்டுத் தருவாங்க. வெள்ளையா, மெத்துனு இருக்கும். அது மட்டும் சாப்பிடலாம்போல இருக்கு."

"அஞ்சு நாளா எதையும் கேக்காதவ, கேட்டதும் கடைச் சரக்கையா கேக்கணும்?"

ஆனாலும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். கடையில் விற்கும் சீஸ் வேண்டாம்; நன்றாகக் கொதித்த பாலில் வீட்டிலேயே செய்து உடனே கொடுங்கள், பழத்தை நன்றாகக் கழுவுங்கள் என்றார் அவர். செய்முறையை மதுமதியே சொன்னாள். கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். வேண்டுமென்றே.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் வைரவன் நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல பாலத் திரிய வைக்கப் போறியா?"

"அப்போ நீங்க வந்து ரசத்த ஊட்டுங்க. வாளிய நான் புடிக்கேன்."

"எங்கப்பா போன அன்னைக்கு…"

"அந்தப் பாலக் கொட்டுனவளே நாந்தான். பயம் உங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க."

பால் கொதித்தது. தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றுக் கிண்ணத்தைத் தூக்கிய கை அப்படியே நின்றது. இத்தனை வருஷம் காத்த கை. உள்ளே மதுமதி வெறும் வயிற்றோடு ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஊற்றிவிட்டாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிண்டு கிண்டினாள். பால் மெல்ல விலகியது. பஞ்சுப் பொதிபோல வெள்ளை மேலே மிதந்து வர, அடியில் இளம்பச்சையாகத் தண்ணீர் தெளிந்தது. பாத்திரத்தின் அடிகூடத் தெரிந்தது. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டியவள், இன்று கரண்டியை வைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஆயிரம் லிட்டர் காய்ச்சியிருப்பாள்? அதற்குள் இப்படி ஒன்று இருந்ததா?

பின்னால் வைரவன் வந்து எட்டிப் பார்த்தார். சண்டைக்கு வந்தவர் குரல் இறங்கிப்போனது.

"ஏ வடிவு, இது நம்ம பாலா?"

"பின்ன, எதுத்த வீட்டுப் பாலா? தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

கடையிலிருந்து வந்திருந்த மெல்லிய மல் துணியை அலசிக் கொதிநீரில் முக்கி அதில் வடிகட்டி, புளிப்புப் போகக் காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு அலசினாள். இறுக்கிப் பிழியவில்லை, மெத்தென்று இருக்க வேண்டுமே. விதை எடுத்த கொய்யா, தோல் உரித்த ஆரஞ்சுச் சுளை, மாதுளை முத்து, பாதியாய் நறுக்கிய திராட்சை. பப்பாளியும் அன்னாசியும் சேதி தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. மேலே வெள்ளையை உதிர்த்து, ஒரு சொட்டுத் தேன், ஒரு சிட்டிகை உப்பு.

மதுமதி ஒரு ஸ்பூன் எடுத்தாள். மாமியார் கை தானாக வாளிப் பக்கம் போனது.

"அத்தை, பாத்துக்கிட்டே இருந்தா எப்படி சாப்பிடறது?"

"நான் எங்கடி பாத்தேன்? சுவரப் பாக்கேன்."

இரண்டாவது ஸ்பூன். மூன்றாவது. கிண்ணம் பாதிக்கு வந்தது. பத்து நிமிஷம் போனது, அரை மணி ஆனது. மதுமதி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் கொஞ்சம் ஈரம் வந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வைரவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "பால் எத்தன லிட்டர் வாங்கியாரட்டும்?"

சண்முகவடிவு கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த கடைசி மாதுளை முத்தை மருமகள் விரலால் தேடி எடுப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.