கோட்டுக்கு வெளியே குகநேசன்

மூண்டு கிழமையா யதுர்ஷா தகப்பனோடை கதைக்கேல்லை. ஒரே வீடு, ஒரே சமையல். ஆனால் தகப்பன் குசினிக்குள்ளை வந்தால், மகள் ஊன்றுகோலை ஊண்டிக்கொண்டு டக்டக்கெண்டு அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போடுவாள். இடையிலை கிடந்து இழுபடுறது அவளின்ரை தாய், என்ரை அக்கா யோகராணியும் நானும்தான். நான் ராசமலர். ஒஸ்லோ ஓரத்து ஹவுகெட்டோவிலை அவையின்ரை வீட்டுக்கு மேல்மாடி எனக்கு. அந்தக் கதவு அடிபடுற ஒவ்வொரு தரமும் என்ரை நெஞ்சிலை வந்து இடிக்கும்.

குகநேசன் அத்தானைப் பற்றிச் சொல்லோணும். தொண்ணூற்றொண்டிலை, இருபத்திரண்டு வயசிலை நோர்வேக்கு வந்தவர். முதல் இஞ்சை வடக்கிலை மீன் பக்டறியிலை மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து இருபத்தாறு வருசமா பஸ் ஓடுறார். மனுசனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. இருக்கிற ஒரே விசர் ஃபுட்போல். விளையாடத் தெரியுமோ எண்டு மட்டும் கேளாதேங்கோ. அவரின்ரை காலிலை பட்டால் பந்துக்கு வெக்கம். ஆனால் மைதானத்தின்ரை வெள்ளைக் கோட்டுக்கு வெளியிலை நிண்டு கத்திறதெண்டால் அவருக்கு ஈடு ஆள் இல்லை.

மகள் ஆறு வயசிலை பந்தைத் தொட்ட நாள் தொடக்கம் ஒரு மட்ச், ஒரு பயிற்சி விட்டதில்லை. மழையும் மறிக்கேல்லை, பனியும் மறிக்கேல்லை. எட்டு வயசிலை அவள் சொன்னாளாம், "அப்பா, தமிழிலை கத்தாதேங்கோ, எல்லாரும் திரும்பிப் பாக்கினம்" எண்டு. அண்டையிலிருந்து மற்றத் தாய்தகப்பன்மார் கத்திறதைப் பாடமாக்கி, அவையை மாதிரியே நொஸ்கிலை கத்தத் துவங்கினார். வகுப்பிலை ஏறாத நோர்வே பாஷை மனுசனுக்குக் கோட்டோரத்திலைதான் ஏறிச்சுது.

யதுர்ஷாவுக்கு இப்ப இருபத்துநாலு. எங்கட தமிழ்ப் பெட்டையளின்ரை ரீமிலை பின்வரிசையிலை நிக்கிறவள். மே மாதம் திராமன் பட்டணத்திலை பயிற்சி முகாம் வைச்சவை. எனக்கு வேலை, நான் போகேல்லை; அத்தான் போனவர். முதல் நாள் பயிற்சி மட்சிலேயே மூண்டு பேருக்கு அடி. ஒருத்திக்குக் கணுக்கால், ஒருத்திக்குத் தோள், எங்கட பிள்ளைக்கு முழங்கால். ஆரோ பின்னாலை சறுக்கி வந்து அவளை வாரி விழுத்திப்போட்டாள். ஐஸ் வைச்சுக்கொண்டு வெளியிலை இருந்த பிள்ளையைக் கடைசிப் பத்து நிமிசத்துக்குக் கோச் ஜோனாஸ் திரும்ப இறக்கினான். இறங்கி அஞ்சு நிமிசம் ஆகேல்லை, ஒருத்தரும் தொடாமலே, சும்மா திரும்பேக்கை முழங்காலுக்குள்ளை நார் அறுந்துபோச்சு. ஒப்பரேசன் செய்து ஒன்பது மாதம் விளையாடாமல் இருக்கோணும்.

ஆஸ்பத்திரியிலை அவள் சொன்னது ஒண்டே ஒண்டு. "அப்பாதான் இறங்கச் சொன்னவர்."

அத்தான் துடிச்சுப்போனார். "நான் மறிச்சனான் பிள்ளை! தொண்டை கிழியக் கத்தி மறிச்சனான்!"

"பொய் சொல்லாதேங்கோ. என்ரை காதாலை கேட்டனான்."

அதோடை வாயை மூடினவள்தான்.

அண்டையிலிருந்து மனுசன் ஒரு இடத்திலை இருக்கிறாரில்லை. தேத்தண்ணியை ஊத்தி வைச்சிட்டு ஆற விடுறார். வெளிக்கிட்டுக் கீழ்வாசல் வரைக்கும் போறார், சப்பாத்தோடை திரும்பி வாறார். மகளின்ரை அறை வாசலிலை போய் நிண்டுபோட்டு, தட்டாமல் வாறார். "மலர், அவள் உனக்கு ஏதும் சொன்னவளோ?" எண்டு ஒரு நாளைக்குப் பத்துத்தரம் என்னைக் கேப்பார். எனக்கும் கொதி வரும். "நான் என்ன தபால்காரியோ அத்தான்? போய்க் கதவைத் தட்டுங்கோவன்!" எண்டால் முகம் சுருங்கிப்போகும். பாவமாயும் கிடக்கும், எரிச்சலாயும் கிடக்கும்.

போன சனிக்கிழமை பின்னேரம் மேல்மாடிக்கு ஓடி வந்தார். "வா மலர், கஃபேக்கு ஜோனாஸ் வாறானாம். அவனை நான் கேக்கோணும். நீ சாட்சிக்கு இரு."

கஃபேயிலை எங்கட ஆக்கள் முந்தியே கூடியாச்சு. கோப்பைப் போட்டி நடத்திறவை அண்டைக்குத்தான் புதுச் சட்டம் அனுப்பியிருந்தினம். பின்னாலை சறுக்கி விழுந்து பந்தைப் பறிச்சால் நேரே சிவப்பு அட்டை. பயிற்சியிலை சறுக்கவே கூடாது. ரக்சி ஓடுற ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை மேசையிலை ஓங்கிக் குத்தினார்.

"சறுக்காமல் என்ன பந்தாட்டம்? இனி எதிராளியைக் கும்பிட்டு, தயவுசெய்து பந்தைத் தாங்கோ எண்டு கேக்கிறதோ?"

"அண்ணே, ஒரே நாள்ல மூணு பொண்ணுங்க அடிபட்டிருக்காங்க. ரூல் கரெக்டுதான்," எண்டான் ரகு. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், எங்கட ரீமுக்கு எங்களைவிடப் பெரிய ரசிகன். "அதுவும் செயற்கைப் புல்லு. கால் மாட்டினா அவ்ளோதான்."

"தம்பி, நீர் கிரிக்கெட் ஆள். உதுக்கை வாய் வைக்காதையும்."

"கிரிக்கெட் பாத்தா கால் எலும்பு தெரியாதாண்ணே?"

இப்பிடியே ஏறிக்கொண்டு போச்சு. அத்தான் சீனிப் பைக்கற்றுகளைக் கிழிச்சுக் கிழிச்சுப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்தார். ஜோனாஸ் உள்ளை வந்ததும் எழும்பின வேகத்திலை கதிரை பின்னாலை விழுந்துது.

"அடிபட்ட பிள்ளையை ஏன் இறக்கினாய்?" எண்டு நொஸ்கிலை கேட்டார். "நான் மற்றப் பக்கம் நிண்டு மறிச்சது உனக்குக் கேக்கேல்லையோ?"

ஜோனாஸ் திகைச்சுப்போனான். "நீ மறிக்கேல்லை நேசன். எப்ப இறங்கிறாய் எண்டு அவளைக் கேட்டனான். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ கையை ஆட்டி ஆட்டி 'இப்ப, இப்ப' எண்டு கத்தினாய். கேட்டதெண்டு நான் கட்டைவிரலைக் காட்டினனான்."

"விசர்க்கதை கதையாதை!" அத்தானுக்கு நொஸ்க் பறந்துபோச்சு. எங்கட பக்கம் திரும்பித் தமிழிலை கத்தினார். "நான் இப்ப எண்டு சொல்லவேயில்லை! நோ எண்டெல்லோ கத்தினனான்! நோ, நோ, காலிலை நோ!"

"நோன்னா என்னண்ணே?" எண்டு ரகு கேட்டான்.

"நோவடா! நோகுது! கால் நோ!"

"ஓ, வலியா?"

ஜோனாஸ் கையை நீட்டினான். "அதுதான்! நீ கத்தினாயே, அந்தச் சொல்லுத்தான்!"

ஐயோ கடவுளே! நொஸ்கிலை 'நோ' எண்டால் இப்ப. எங்கட வாயிலை நோ எண்டால் நோவு. காதுக்கு ஒரு துளி வித்தியாசமில்லை. இங்கிலீசு 'நோ' எண்டு விளங்கியிருந்தாலும் பிள்ளை தப்பியிருப்பாள். ரகுவை மாதிரி வலி எண்டு கத்தியிருந்தாலும் தப்பியிருப்பாள். கோதாரி விழுந்த ஒரு எழுத்து! பதினாறு வருசமா ஒவ்வொரு மட்சிலையும் அவர் மகளை ஏவினதும் அந்தச் சொல்லாலைதான். பந்து வரும், தகப்பன் 'நோ!' எண்டுவார், மகள் பாய்வாள். அண்டைக்குத்தான் பயத்திலை அவரின்ரை வாயிலை தமிழ் வந்திட்டுது.

அத்தான் சிரிச்சார், அழுதார், ஜோனாஸின்ரை தோளைப் பிடிச்சு உலுக்கினார். "மலர், நான் சொன்னனான்தானே! மறிச்சனான்தானே!" ஜக்கெற்றையும் எடுக்காமல் வீட்டுக்கு ஓடினார். நான் இளைக்க இளைக்கப் பின்னாலை.

யதுர்ஷா காலைத் தலையணையிலை வைச்சுக்கொண்டு சோபாவிலை இருந்தாள். ஊன்றுகோலுக்குக் கை போக முதல் அத்தான் முழுக்கதையையும் ஒரே மூச்சிலை கொட்டித் தீர்த்தார். மூண்டு கிழமைக்குப் பிறகு அவள் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். சரி, சனியன் துலைஞ்சுது எண்டு நினைச்சு நான் கேத்திலைப் போடப் போனன்.

"அப்ப மறிச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. ஓம்."

அவளின்ரை கண் நிரம்பிப்போச்சு. ஆனால் குரல் நடுங்கேல்லை.

"கால் நோகுதெண்டு எனக்குத் தெரியும் அப்பா. என்ரை கால். ஜோனாஸ் கேக்கேக்கை ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திரும்பி உங்களைப் பார்த்தனான். இருபத்துநாலு வயசிலை, என்ரை கால் நோகுதோ எண்டு அறிய உங்கட முகத்தைப் பார்த்தனான்."

அத்தான் குனிஞ்சு அவளின்ரை ஊன்றுகோலை எடுத்துச் சோபாவோடை சாத்தி வைச்சார்.

"ஒன்பது மாதத்திலை திரும்ப விளையாடுவன். எனக்கு விருப்பம். ஆனால் நீங்கள் பாக்க வராதேங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்னடி கதை இது? அந்த மனுசனுக்கு அதை விட்டால் வேறை என்ன கிடக்கு?"

"அதுதான் சித்தி, எனக்குப் பயம்," எண்டு சொல்லிப்போட்டு அழத் துவங்கினாள்.

"காணும் மலர்," எண்டார் அத்தான். பிறகு சின்னக் குரலிலை அவளைக் கேட்டார், "ஒரு மட்சுக்கும் வரப்படாதோ?"

"வேண்டாம் அப்பா."

"தூரத்திலை நிண்டால்?"

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"கத்தாமல் நிண்டால்?"

"உங்களாலை ஏலாது அப்பா." அழுகைக்குள்ளை சிரிப்பும் வந்துது அவளுக்கு.

"ஓம், ஏலாதுதான்," எண்டார். "சரி பிள்ளை. வரேல்லை."

மகள் கதைக்கோணும் எண்டு மூண்டு கிழமையா அந்தரப்பட்ட மனுசன், அவள் கதைச்சு முடிச்ச பிறகு அவளுக்குப் பக்கத்திலை போய் இருந்தார். நான் தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வரேக்கையும் அப்பிடியேதான், கையை மடியிலை வைச்சபடி, அசையாமல் இருந்தார்.